ஆலை போன இடத்தில் வீடு கட்டலாமா?

1953-இல் அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரப் பள்ளி வாரியம் ஒரு நிலம் வாங்கியது. விலை 1 டாலர். விற்றது ஹூக்கர் கெமிக்கல் என்ற கம்பெனி. பத்திரத்திலேயே ஒரு ஷரத்து இருந்தது: இந்த நிலத்தில் ரசாயனக் கழிவு கொட்டி நிரப்பியிருக்கிறது, அதை வாங்குபவருக்குச் சொல்லிவிட்டோம், பின்னால் யாருடைய உடம்புக்கோ உடைமைக்கோ கேடு வந்தால் கம்பெனி பொறுப்பல்ல. வாரியம் கையெழுத்துப் போட்டது. சீக்கிரமே அங்கே தொடக்கப்பள்ளி எழுந்தது, சுற்றிலும் வீடுகள் பெருகின.

லவ் கெனால் என்று பிற்பாடு உலகமே தெரிந்துகொண்ட இடம் இதுதான். 1890-களில் வில்லியம் லவ் என்பவர் வெட்ட ஆரம்பித்து, பணம் தீர்ந்து பாதியில் கைவிட்ட கால்வாய். அந்தப் பள்ளத்தில் 1942 முதல் 1953 வரை சுமார் 21,000 டன் கழிவு போனது. மேலே களிமண் போட்டு மூடினார்கள். மூடியதைக் குறை சொல்வதற்கில்லை; இன்றைக்கும் பல இடங்களில் அதைத்தான் செய்கிறார்கள், கொஞ்சம் ஒழுங்காகச் செய்கிறார்கள், அவ்வளவுதான். கோளாறு அப்புறம் வந்தது. பள்ளி கட்டத் தோண்டினார்கள், சாக்கடைக் குழாய் பதித்தார்கள், பக்கத்தில் நெடுஞ்சாலை போட்டார்கள். ஆளாளுக்கு அந்தக் களிமண்ணைக் கொஞ்சம் வெட்டினார்கள். மழையும் உருகிய பனியும் உள்ளே இறங்க, குளியல் தொட்டி நிரம்பி வழிவதுபோல ரசாயனம் மேலே வந்து வீடுகளின் நிலவறைச் சுவர்களில் கசிந்தது. 1978 ஆகஸ்டில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அவசரநிலை அறிவித்தார். குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயின. இப்படி நஞ்சேறிய நிலங்களைச் சுத்தம் செய்வதற்காக, 1980 டிசம்பரில் 'சூப்பர்ஃபண்ட்' என்று பரவலாக அறியப்படும் சட்டம் வந்தது.

பழைய ஆலை நிலங்களைச் சுத்தம் செய்வது பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் தொழில்நுட்பத்துக்குத்தான் போவார்கள். எனக்கு இந்தப் பத்திரம்தான் முதலில் ஞாபகம் வரும். உள்ளே நஞ்சு இருக்கிறது என்று எழுதியே வைத்திருந்தார்கள். எழுதியது அலமாரியில் இருந்தது, மண்வெட்டி தெருவில் இருந்தது.

தட்டில் பரப்பிய மண்

ஆலை என்ன செய்தது என்று தெரிந்தால் மண்ணில் என்ன கிடக்கும் என்று பாதி சொல்லிவிடலாம். தோல் பதனிட்ட இடமென்றால் குரோமியம். சாயப்பட்டறையும் உலோக முலாம் பட்டறையும் என்றால் கன உலோகங்கள், சயனைடு. பேட்டரி உடைத்த இடத்தில் ஈயம். பெட்ரோல் பங்க் என்றால் பென்சீன். உலர்சலவைக் கடையிலும் எந்திர உதிரிபாகங்களைக் கழுவிய பட்டறையிலும் குளோரின் கலந்த கரைப்பான்கள். அதனால்தான் வேலை மண்வெட்டியில் தொடங்குவதில்லை, பழைய வரைபடத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு முந்தைய தீக்காப்பீட்டு வரைபடங்களைத் தேடி எடுப்பார்கள். எந்தக் கொட்டகையில் எந்தத் தொட்டி இருந்தது என்பதுவரை அதில் குறித்திருக்கும். காப்பீட்டுக் கம்பெனிக்குத் தீ பிடிக்குமா என்பதுதான் கவலை. அந்தக் கவலை இன்று வேறு காரியத்துக்கு உதவுகிறது.

அப்புறம்தான் துளை போடுவது. குழாயில் ஏறிவரும் மண்ணை நீளமான தட்டில் வரிசை குலையாமல் பரப்பி வைப்பார்கள். நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த பழைய ஆலை இடமென்றால், மேலே செங்கல் துண்டும் சாம்பலும் கலந்த நிரப்பு மண் இருக்கும். அதற்குக் கீழே களிமண். அந்தக் களிமண்ணைக் கத்தியால் கீறினால் உள்ளே கறுப்பாக, பளபளவென்று தார். கூடவே பாச்சை உருண்டை வாசனை. அது நாப்தலீன், பாச்சை உருண்டையே நிலக்கரித் தாரிலிருந்து வந்ததுதான். சில அடுக்குகள் சாயம் கொட்டியது மாதிரி நீலமாக இருக்கும். வாயுவைச் சுத்திகரிக்க வைத்த இரும்பு ஆக்சைடு, சயனைடைப் பிடித்துவைத்து உண்டாக்கிய நீலம் அது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். நியூ ஜெர்சியின் ஹட்சன் கவுன்டியில் குரோமியம் ஆலைக் கழிவை மனை நிரப்பும் மண்ணாகப் பயன்படுத்தியிருந்தார்கள். அங்கே நிலவறைச் சுவர்களில் மஞ்சளும் பச்சையுமாகப் படிகம் பூத்தது.

நிறமோ வாசனையோ இப்படிக் காட்டிக்கொடுத்தால் அதிர்ஷ்டம். ஈயத்துக்கும் ஆர்செனிக்குக்கும் அது கிடையாது. பத்து மீட்டருக்கு ஒரு துளை போட்டாலும் இரண்டு துளைக்கு நடுவில் ஒரு பழைய தொட்டி ஒளிந்திருக்கலாம். இந்த வேலையில் செலவுக் கணக்கு எகிறுவது பெரும்பாலும் இப்படித்தான்: பொக்லைன் எதிலோ இடிக்கிறது, வேலை நிற்கிறது.

வழி இருந்தால்தான் ஆபத்து

நஞ்சு மண்ணில் இருப்பது ஒன்று, அது ஒரு ஆளைச் சேர்வது வேறொன்று. நிபுணர்கள் மூன்றைத் தேடுவார்கள்: மூலம், வழி, போய்ச் சேரும் உயிர். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் சங்கிலி அறுந்துவிடும். சுத்திகரிப்புத் திட்டம் எத்தனை நூறு பக்கம் இருந்தாலும் அடியில் இருப்பது இந்தக் கணக்குதான்.

வழிகள் நாம் நினைப்பதைவிட அதிகம். குழந்தை மண்ணில் விளையாடிவிட்டு விரலை வாயில் வைக்கிறது. கொல்லையில் போட்ட கீரை வேர் வழியாக உலோகத்தையும் இழுக்கிறது. காய்ந்த மண் தூசாகப் பறக்கிறது. மழைநீர் நஞ்சைக் கரைத்து நிலத்தடி நீரில் இறக்க, அது மெதுவாக ஊர்ந்து யாருடைய கிணற்றுக்கோ போகிறது. வெகுநாள் வரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத வழி ஆவி. கரைப்பான்களும் பென்சீனும் பாதரசமும் மண்ணின் இடுக்குகளில் ஆவியாகி, தரையின் விரிசல் வழியாக வீட்டுக்குள் ஏறும். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும்போது சூடான காற்று மேலே போக, வீடே கீழிருந்து காற்றை உறிஞ்சும். அந்த வீட்டில் யாரும் மண்ணைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

இதற்கு மறக்க முடியாத உதாரணம் நியூ ஜெர்சியில் ஃப்ராங்க்ளின் டவுன்ஷிப்பில் நடந்தது. தெர்மாமீட்டர் செய்த தொழிற்சாலை ஒன்று 1994-இல் மூடப்பட்டது. பத்து வருடம் கழித்து அதே கட்டடத்தில் குழந்தைகள் காப்பகம் திறந்தார்கள். கட்டடத்தின் கதை தெரிந்தவர்கள் இருந்தார்கள், அரசுக் கோப்புகளிலும் இருந்தது. ஆனாலும் 2006-இல் அதிகாரிகள் காற்றைச் சோதித்துப் பாதரச ஆவியைக் கண்ட பிறகுதான் காப்பகம் மூடப்பட்டது. பிறகு கட்டடத்தையே இடித்தார்கள்.

தோண்டி எடுத்தால் தீர்ந்ததா?

வாங்குபவர்களுக்குப் பிடித்த வழி, கெட்ட மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவது. சீக்கிரம் முடியும், இடத்தில் நஞ்சு மிஞ்சாது, சான்றிதழ் வாங்குவது சுலபம். ஆனால் மண் எங்கேயோ போய்த்தான் ஆக வேண்டும். வேறு ஊரில், வேலி போட்ட குப்பைக் கிடங்கில், அதே நஞ்சு அதே அளவில் இருக்கும். அதுகூடப் பரவாயில்லை. போகிற வழி இருக்கிறதே, அது பெரிய விஷயம்.

இங்கிலாந்தில் கார்பி என்ற ஊரில் பிரம்மாண்டமான இரும்பு ஆலை இருந்தது. 1980-இல் இரும்பு உருக்குவது நின்றது. நிலத்தை மீட்டு ஊரைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று நகராட்சி வேலையில் இறங்கியது. நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் கழிவு மண்ணை ஏற்றிய லாரிகள் ஊருக்கு நடுவே போயின, சேறு சாலையில் சிந்தியது, காய்ந்தது, பறந்தது. அந்த ஊர்ப் பெண்களுக்குக் கையிலும் காலிலும் குறைபாட்டோடு குழந்தைகள் பிறந்தன. 2009-இல் உயர் நீதிமன்றம், நகராட்சி கவனக்குறைவாக நடந்துகொண்டது என்று தீர்ப்பளித்தது. அடுத்த வருடம் குடும்பங்களோடு சமரசத்துக்கு வந்தார்கள். மூடிக் கிடந்தவரை வழி இல்லாமல் இருந்த நஞ்சுக்கு, சுத்தம் செய்த வேலையே வழி போட்டுக் கொடுத்தது. இன்றைக்கு இந்த மாதிரி இடங்களின் வாசலில் லாரிச் சக்கரம் கழுவும் தொட்டியும், தார்ப்பாய் போட்டு மூடிய வண்டியும், தூசி அளக்கும் கருவியும் கட்டாயமாக இருப்பதைப் பார்த்து யாரும் அலுத்துக்கொள்ள வேண்டாம்.

மண்ணை அங்கேயே வைத்துச் சுத்தம் செய்யும் முறைகள் உண்டு. எதுவும் எல்லா நஞ்சுக்கும் சரிப்பட்டு வராது.

லண்டனில் 2012 ஒலிம்பிக்ஸுக்கு எடுத்த ஸ்ட்ராட்ஃபோர்ட் பகுதி, தலைமுறை தலைமுறையாகத் தொழிற்சாலைகளும் குப்பைமேடுகளும் இருந்த இடம். அங்கே மண் கழுவும் எந்திரங்களை நிறுத்தி, 10 லட்சம் கனமீட்டருக்கு மேல் மண்ணைச் சுத்தம் செய்து, தோண்டியதில் பெரும்பகுதியை அங்கேயே திரும்பப் போட்டார்கள். அந்த எந்திரங்கள் இருந்த இடத்துக்கு 'மண் ஆஸ்பத்திரி' என்று பேர். உள்ளே நடப்பது ஏறக்குறைய அரிசி களைவதுதான். நஞ்சு பொடித் துகள்களில்தான் அதிகம் ஒட்டும், ஏனென்றால் பொடியாகப் பொடியாகப் பரப்பு கூடுகிறது. தண்ணீரில் அலசிச் சலித்தால் மணலும் சரளையும் சுத்தமாக ஒரு பக்கம் வரும். நஞ்செல்லாம் சேர்ந்த சேற்றுக்கட்டி மறுபக்கம் வரும். அதைக் கிடங்குக்குத்தான் அனுப்ப வேண்டும், ஆனால் அளவு எவ்வளவோ குறைந்துவிட்டது. முழுக்கக் களிமண்ணாக இருக்கிற நிலத்தில் இது வேலைக்கு ஆகாது. அங்கே எல்லாமே பொடிதானே.

டீசலும் எண்ணெயும் கலந்த மண்ணில் நுண்ணுயிர்களை வேலை செய்ய விடலாம். மண்ணைக் குவித்து, காற்றோட்டம் கொடுத்து, ஈரம் காத்து, நைட்ரஜன் சத்துப் போட்டால் அவை மாதக் கணக்கில் மெல்லத் தின்று தீர்க்கும். நிலக்கரித் தாரின் கனமான பகுதிகளை அவ்வளவு சுலபமாகத் தின்னாது. சியாட்டில் நகரின் கேஸ் வொர்க்ஸ் பூங்காவில் இது தெரிந்தது. 1906 முதல் 1956 வரை எரிவாயு தயாரித்த ஆலை அது. நிலவடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஹாக், உருளைக் கோபுரங்களை இடிக்காமல் நிறுத்தி, மண்ணில் சாக்கடைக் கசடும் மரத்தூளும் கலந்து உழுது நுண்ணுயிரை வளர்த்தார். 1975-இல் பூங்கா திறந்தது, உலகமே பாராட்டியது. 1984-இல் மாசு அளவைக் கண்டு கொஞ்ச நாள் மூடினார்கள். பிறகு நல்ல மண் கொண்டுவந்து மேலே போட்டார்கள். இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். முதலில் செய்து பார்த்தவருக்கு அந்தக் காலத்தில் அளவிடத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் பூங்காவை ஒட்டிய ஏரியின் அடிச்சேற்றில் போய்ச் சேர்ந்த தாரின் கணக்கு, பூங்காவுக்கு ஐம்பது வயதான பிறகும் தீரவில்லை.

நிலத்தடி நீர்தான் எல்லாவற்றிலும் பொல்லாதது. பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, நீர்மட்டத்தின் மேல் மிதக்கும், உறிஞ்சி எடுக்க வழி உண்டு. டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான் தண்ணீரைவிடக் கனம். மூழ்கிக் கீழே போகும், பாறை வெடிப்பில் குட்டையாகத் தேங்கும், அங்கிருந்து பல பத்தாண்டுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தண்ணீரை இறைத்துச் சுத்தம் செய்துகொண்டே இருப்பார்கள். அளவு குறைந்துவிட்டது என்று பம்ப்பை நிறுத்தினால் கொஞ்ச நாளில் மறுபடி ஏறும். இதற்கு கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் கண்ட யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். நீர் போகும் பாதைக்குக் குறுக்கே பள்ளம் வெட்டி, இரும்புத் துகளைக் கொட்டி ஒரு சுவர் போடுவது. தண்ணீர் தானாக அதற்குள் நுழையும். இரும்பு துருப்பிடிக்கத் துருப்பிடிக்கக் கரைப்பானிலிருந்து குளோரின் கழன்றுவிடும். மின்சாரம் வேண்டாம், ஆளும் வேண்டாம். 1991-இல் போர்டன் என்ற இடத்தில் சோதனை செய்தார்கள். பிறகு பல நாடுகளில் போட்டார்கள்.

செடி வளர்த்து நஞ்சை எடுக்கலாம் என்ற செய்தியும் அடிக்கடி வரும். ஆர்செனிக்கை அள்ளி உறிஞ்சும் ஒரு பெரணிச் செடியை 2001-இல் கண்டுபிடித்தது உண்மை. ஆனால் வேர் போகிற ஆழம் வரைதான், அதுவும் வருடக் கணக்கில். கடைசியில் அறுத்த செடியே நஞ்சுக் கழிவாகிவிடும். அவசரமில்லாத, ஆழமில்லாத மாசுக்குச் சரி.

எவ்வளவு சுத்தம் போதும்?

நெதர்லாந்தில் லெக்கர்கெர்க் என்ற ஊரில் புதிதாகக் கட்டிய குடியிருப்பின் அடியில் ரசாயனப் பீப்பாய்கள் புதைந்திருப்பது 1980-இல் பெரிய செய்தியானது. எண்ணிக்கை ஆயிரத்துக்கு மேல். குடும்பங்களை வெளியேற்றித் தோண்டி எடுத்தார்கள். அந்த அதிர்ச்சியில் நாடு ஒரு கறாரான முடிவுக்கு வந்தது: சுத்தம் செய்தால் எந்தப் பயன்பாட்டுக்கும் தகுதியாகும்படி முழுதாகச் செய்ய வேண்டும். பதினைந்து வருடத்தில் கைவிட்டார்கள். மாசடைந்த இடங்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது, செலவு தாங்கவில்லை, பல இடங்களில் வேலையே தொடங்கவில்லை. 1990-களின் கடைசியில், என்ன செய்யப்போகிறோமோ அதற்குத் தக்கபடி சுத்தம் என்று மாற்றிக்கொண்டார்கள். இன்று அநேகமாக எல்லா நாடுகளும் இந்தக் கொள்கையில்தான் இருக்கின்றன. வாகன நிறுத்துமிடத்துக்கு ஓர் அளவு, அடுக்குமாடிக்கு வேறு அளவு, கொல்லையோடு கூடிய தனிவீட்டுக்கு இன்னும் கடுமையான அளவு.

நியாயம்தான். ஆனால் இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற சான்றிதழ் நிலத்தைப் பற்றிச் சொல்வதில்லை. ஒரு குறிப்பிட்ட பயன்பாட்டைப் பற்றிச் சொல்கிறது. பழைய ஆலைகள் இத்தனை இடத்தில் பூங்காக்களாக மாறுவதற்குப் பசுமைமேல் உள்ள பிரியம் மட்டும் காரணமில்லை. பூங்காவில் யாரும் நிலவறை கட்டமாட்டார்கள், கீரை போடமாட்டார்கள், இரவு தூங்கமாட்டார்கள்.

அளவு என்ற எண்ணும் நிலையாக நிற்பதில்லை. குடியிருப்பு மண்ணில் ஈயம் மில்லியனுக்கு 400 பங்கைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1994-இல் வைத்த வரம்பை 2024-இல் 200 ஆக்கினார்கள். ஈயம் குழந்தைகளின் மூளையை எவ்வளவு குறைந்த அளவிலும் பாதிக்கிறது என்று இடையில் தெரிந்ததுதான் காரணம். அதுவரை தேறிய எத்தனையோ கொல்லைகள் ஒரே நாளில் தேறாமல் போயின. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை வழக்கிலும் சண்டை ஓர் எண்ணைப் பற்றியதுதான். 2001-இல் மூடிய ஆலையின் மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று இலக்கு வைத்தார்கள். அது வீடுகளுக்குப் பொருந்தும் அளவு என்றது ஒரு தரப்பு. கீழே சோலைக்காடும் ஓடையும் இருக்கிற சரிவுக்கு வீட்டுக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்றது மறுதரப்பு. போய்ச் சேரும் உயிர் யார் என்பதில்தான் கருத்து வேறுபாடு. மனிதனா, மீனா?

பணம் இருக்கிற இடத்துக்கு

சூப்பர்ஃபண்ட் சட்டம் கடுமையானது. கழிவு கொட்டியபோது அது சட்டப்படி சரியாக இருந்திருந்தாலும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. பலர் கொட்டியிருந்தால் ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். பின்னால் நிலத்தை வாங்கியவரும் மாட்டிக்கொள்ளலாம். மாசுபடுத்தியவர் தர வேண்டும் என்ற நியாயம் இதில் இருக்கிறது. கூடவே ஒரு பக்கவிளைவும் வந்தது. லேசாகச் சந்தேகம் உள்ள நிலத்தைக்கூட யாரும் தொடவில்லை. பேங்க் கடன் தராது, வாங்குபவர் ஊருக்கு வெளியே வயல்வெளியில் மனை தேடிப் போய்விடுவார். ஊர் நடுவில் ஆலை கூரை இடிந்து நிற்கும். இப்படிக் கைவிடப்பட்ட நிலங்கள் அமெரிக்காவில் 4,50,000-க்கு மேல் இருக்கும் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையின் மதிப்பீடு. 2002-இல் சட்டத்தைத் திருத்தி, வாங்கும் முன்பே ஒழுங்காக விசாரித்து, வாங்கிய பின் ஒழுங்காக நடந்துகொள்பவருக்குப் பாதுகாப்புக் கொடுத்த பிறகுதான் சந்தை கொஞ்சம் நகர்ந்தது.

நகர்ந்தது எங்கே என்பதைப் பார்க்க வேண்டும். ஆற்றங்கரையில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மனை விலை சுத்திகரிப்புச் செலவை விழுங்கிவிடும் இடங்களில். நிலத்துக்கு விலையில்லாத ஊர்களில் அதே ஆலை, அதே நஞ்சு, அப்படியே கிடக்கும். அங்கே பொதுப்பணம்தான் வர வேண்டும். ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 1985-இல் மூடிய மைடெரிஷ் இரும்பு ஆலை அப்படித்தான் பிழைத்தது. பீட்டர் லாட்ஸ் வடிவமைத்த பூங்காவாக 1994-இல் திறந்தார்கள். ஊதுலைகளை அப்படியே விட்டார்கள், எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிக்கப் பயிற்சி தருகிறார்கள். மிக மோசமான இடிபாட்டை எங்கும் அனுப்பவில்லை. தாது கொட்டிவைத்த பழைய காங்கிரீட் அறைகளிலேயே வைத்து மூடி, மேலே தோட்டம் போட்டார்கள்.

வில்லங்கம்

ஆகமொத்தம், மீட்டெடுத்த நிலங்கள் பலவற்றில் நஞ்சு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வழிதான் அடைபட்டிருக்கிறது. அடைத்தது களிமண்ணாக இருக்கலாம், ஆவி ஏறாமல் தரைக்கடியில் விரித்த பிளாஸ்டிக் விரிப்பாக இருக்கலாம், 'இங்கே கிணறு தோண்டக் கூடாது' என்று பத்திரத்தில் சேர்த்த ஒரு வரியாக இருக்கலாம். நஞ்சுக்கு அவசரமில்லை. ஈயத்துக்கும் ஆர்செனிக்குக்கும் காலக்கெடுவே கிடையாது. கட்டுமான நிறுவனம் கலைந்துபோகும், வீடு நாலு கை மாறும், அதிகாரி ஓய்வு பெறுவார். சொத்துக்கு வில்லங்கம் பார்க்கிற மாதிரி மண்ணுக்கும் பார்க்க ஓர் ஏற்பாடு வேண்டும். நெதர்லாந்தில் எந்த இடத்தில் மண் சோதனை நடந்தது, சுத்திகரிப்பு நடந்தது என்று யார் வேண்டுமானாலும் இணைய வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். நிறைய நாடுகளில் அந்தத் தகவல் ஏதோ ஓர் அலுவலகத்தின் கோப்பில் தூங்குகிறது.

பத்திரம் படிக்காதவனுக்கும் தெரியட்டும் என்று களத்தில் இன்னொன்று செய்கிறார்கள். கெட்ட மண்ணுக்கும் மேலே போட்ட நல்ல மண்ணுக்கும் நடுவில், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வலையை விரித்துவிடுவார்கள். அது எதையும் தடுக்காது, தண்ணீர் தாராளமாக இறங்கும். ஐம்பது வருடம் கழித்துக் குழாய் பதிக்க வருகிறவனின் மண்வெட்டி அதில் மாட்டும்போது, அவன் நின்று யோசிக்க வேண்டும், அதற்குத்தான்.

லவ் கெனாலைச் சூப்பர்ஃபண்ட் பட்டியலிலிருந்து 2004-இல் நீக்கினார்கள். கழிவை எடுக்கவில்லை, புதிய மூடி போட்டு, சுற்றிலும் வடிகால் வைத்து, வேலி கட்டியிருக்கிறார்கள். வேலிக்குள் வெறும் புல்வெளி. கசிவுநீரை இறைத்துச் சுத்திகரிக்கும் நிலையம் இன்னும் ஓடுகிறது. வேலிக்கு வெளியே சில தெருக்களில் 1990-களிலேயே வீடுகளுக்குப் புதிய பெயிண்ட் அடித்து விற்றுவிட்டார்கள், ஆட்கள் குடியிருக்கிறார்கள்.